பேச்சு எந்தப் பக்கம்? வலிப்பு அறுவைக்கு முன் நடக்கும் சோதனைகள்: வாசகர் கேள்வி – பதில்

வலிப்பு நோய்க்கு அறுவை செய்வதற்கு முன் மூளையின் எந்தப் பகுதி என்ன வேலை செய்கிறது என்று பார்க்கும் சோதனைகளைப் பற்றிப் பெங்களூரு வாசகர்கள் எழுதிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

“என் பையனுக்கு 17 வயது. நாலு வயதிலிருந்து ஃபிட்ஸ். மூன்று மாத்திரை மாற்றியும் மாதம் நாலைந்து தடவை வருகிறது. எம்.ஆர்.ஐ.யில் இடது பக்கம் தழும்பு இருக்கிறது, ஆபரேஷன் செய்யலாம் என்கிறார்கள். தழும்புதான் தெரிந்துவிட்டதே, இன்னும் எதற்கு இத்தனை டெஸ்ட்?” – ஒரு தாய், அல்சூர்

அம்மா, தழும்பு எங்கே இருக்கிறது என்பதை மட்டும்தான் எம்.ஆர்.ஐ. சொல்லும். ஃபிட்ஸ் அங்கிருந்துதான் கிளம்புகிறதா என்பதை வீடியோ இ.இ.ஜி. (தலையில் மின்முனை ஒட்டி மூளை அலைகளையும், கேமராவில் நோயாளியையும் ஒரே நேரத்தில் பதிவு செய்வது) சொல்ல வேண்டும். அந்த இடத்தை எடுத்தால் பையனுடைய பேச்சுக்கும் ஞாபகத்துக்கும் என்ன ஆகும் என்பதற்கு வேறு சோதனைகள் வேண்டும். இந்த மூன்றும் ஒரே இடத்தைக் காட்டினால்தான் மருத்துவர் தைரியமாகக் கத்தி வைப்பார்.

தகுந்த மருந்துகள் இரண்டைச் சரியான அளவில் கொடுத்துப் பார்த்தும் ஃபிட்ஸ் நிற்காவிட்டால், அதை மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு என்கிறார்கள். சர்வதேச வலிப்பு எதிர்ப்புக் கழகம் 2010இல் தந்த வரையறை இது. வலிப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இந்த வகையில் வருகிறார்கள். ஆகவே உங்கள் பையனை அறுவைக்குப் பரிசீலிப்பது அவசரப்பட்டுச் செய்கிற காரியமில்லை.

வலது கைப்பழக்கம் உள்ளவர்களில் 100க்குச் சுமார் 95 பேருக்குப் பேச்சு இடது மூளையில்தான் இருக்கிறது. ஆனால் சிறு வயதிலேயே இடது பக்கம் அடிபட்டிருந்தால் பேச்சு வலது பக்கத்துக்கு இடம் மாறியிருக்கலாம், இரண்டு பக்கமும் பரவியும் இருக்கலாம். நாலு வயதில் ஆரம்பித்த நோய் என்பதால் உங்கள் பையனுக்கு இதை ஊகத்தில் விடக்கூடாது. காதுக்கு மேலே உள்ள டெம்போரல் மடலின் முன்பகுதியை எடுக்கும் வழக்கமான அறுவையில், பேச்சு இருக்கும் பக்கமென்றால் முனையிலிருந்து 4 முதல் 4.5 செ.மீ. வரைதான் போவார்கள். பேச்சு இல்லாத பக்கமென்றால் 6 முதல் 6.5 செ.மீ. வரை போகலாம். அந்த இரண்டு சென்டிமீட்டரை முடிவு செய்யத்தான் இத்தனை நாள் அலைச்சல்.

“வீடியோ இ.இ.ஜி.க்கு ஐந்து நாள் அட்மிட் ஆகச் சொல்கிறார்கள். மாத்திரையையும் குறைப்பார்களாம். கூட இருக்கிற நான் என்ன செய்ய வேண்டும்?” – நோயாளியின் மனைவி, விவேக் நகர்

அட்மிட் ஆவதற்கு முந்தின இரவே தலைக்கு ஷாம்பூ போட்டுக் குளிக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு ஒரு சொட்டு எண்ணெய் தலையில் படக்கூடாது. எண்ணெய் இருந்தால் மின்முனை ஒட்டாது, ராத்திரியில் ஒவ்வொன்றாகக் கழன்று வரும், அந்த நேரத்தில் வந்த ஃபிட்ஸ் வீணாகும். முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை போதும், தலைவழியாகக் கழற்றுகிற பனியன் வேண்டாம்.

மாத்திரையை வார்டில் மருத்துவர் கண்காணிப்பில்தான் குறைப்பார்கள். “எப்படியும் குறைக்கத்தானே போகிறார்கள்” என்று வீட்டிலேயே நிறுத்திவிட்டு வருவது ஆபத்து. அடுத்தடுத்து ஃபிட்ஸ் வந்து நிற்காமல் போய்விடலாம்.

ஃபிட்ஸ் வந்ததும் முதலில் வார்டில் கொடுத்திருக்கும் அழைப்புப் பொத்தானை அமுக்குங்கள். போர்வையை விலக்குங்கள். கேமராவை மறைத்துக்கொண்டு நிற்காதீர்கள், கையைக் காலைப் பிடித்து அமுக்காதீர்கள். எந்தக் கை முறுக்கிக்கொண்டு விறைத்தது, முடிந்ததும் எந்தக் கையால் மூக்கைத் துடைத்தார் என்பதெல்லாம் மருத்துவருக்குத் துப்பு. விறைத்த கைக்கு எதிர்ப்பக்க மூளையிலும், மூக்கைத் துடைத்த கை இருக்கும் அதே பக்க மூளையிலும் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்து, அவரோடு தமிழில் பேசுங்கள். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். “உங்க பேர் என்ன?” என்று கேளுங்கள். “மாம்பழம், இதை ஞாபகம் வெச்சுக்கோங்க” என்று ஒரு வார்த்தை கொடுங்கள். பேனாவைக் காட்டி அது என்ன என்று கேளுங்கள். தெளிந்த பிறகு அந்த வார்த்தையைத் திரும்பக் கேளுங்கள். ஃபிட்ஸ் நடக்கும்போதே தெளிவாகப் பேசினால் அது பெரும்பாலும் பேச்சு இல்லாத பக்கத்து ஃபிட்ஸ். முடிந்த பிறகும் சில நிமிடம் வார்த்தை வராமல் திணறினால் பேச்சுப் பக்கமாக இருக்கலாம். நர்ஸ் கன்னடத்தில் கேட்டு, கன்னடம் அரைகுறையாகத் தெரிந்தவர் பதில் சொல்லாமல் இருந்தால், அது மூளையின் திணறலா மொழி தெரியாத திணறலா என்று பதிவைப் பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்?

“என் மனைவிக்கு ஃபங்ஷனல் எம்.ஆர்.ஐ. எடுக்கப் போகிறார்கள். வீட்டில் தமிழ்தான் பேசுவாள். ஆனால் படித்தது கன்னட மீடியம், தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். இது சோதனையைப் பாதிக்குமா?” – கணவர், ஸ்ரீராம்புரம்

நன்றாகவே பாதிக்கும். கேட்டீர்களே, அதுவே பெரிய உதவி. வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம், ஆபீசில் இங்கிலீஷ் என்று வாழ்கிற பெங்களூருத் தமிழர்களுக்கு இந்தச் சோதனையில் தடுக்குகிற இடம் இதுதான்.

மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று காட்டுவது ஃபங்ஷனல் எம்.ஆர்.ஐ. ஆனால் இந்தக் கருவி நரம்பு செல்லின் மின்சாரத்தை நேரடியாகப் பார்ப்பதில்லை. ஒரு பகுதி வேலை செய்தால் ஐந்தாறு வினாடி கழித்து அங்கே ஆக்ஸிஜன் நிறைந்த ரத்தம் கூடும். அதனால் சிக்னலில் ஏற்படுவது சில சதவீத மாற்றம்தான். அதைப் பிரித்தெடுக்க 30 வினாடி வேலை, 30 வினாடி ஓய்வு என்று மாற்றி மாற்றிச் சில நிமிடம் செய்ய வைப்பார்கள். திரையில் தமிழில் ‘கத்தி’ என்று எழுதிக் காட்டினால், உங்கள் மனைவிக்கு அந்த 30 வினாடியும் எழுத்துக் கூட்டுவதிலேயே போய்விடும். பார்வைப் பகுதி பளிச்சென்று தெரியும், பேச்சுப் பகுதி மங்கலாகத் தெரியும். அறிக்கையில் ‘பக்கம் தெளிவாகத் தெரியவில்லை’ என்று வரும்.

அதனால் எழுத்துக்குப் பதில் ஹெட்ஃபோனில் சொல்லச் சொல்லுங்கள், அல்லது படம் காட்டச் சொல்லுங்கள். ‘கத்தி’ என்று காதில் விழுந்தால் ‘வெட்டு, நறுக்கு’ என்றும், ‘தோசை’ என்றால் ‘சுடு, சாப்பிடு’ என்றும் மனதுக்குள் சொல்ல வேண்டும். உதடு அசையக்கூடாது. தாடை அசைந்தால் தலை அசையும், தலை 2, 3 மி.மீ. நகர்ந்தாலே படம் கெடும். இந்த வினைச்சொல் சோதனை முன்பக்கப் பேச்சுப் பகுதியை நன்றாகக் காட்டும். பின்பக்கத்துப் புரிதல் பகுதிக்குத் தமிழில் ஒரு கதையைக் கேட்க வைப்பார்கள், இடையிடையே அதே ஒலியைத் தலைகீழாக ஓட்டி ஒப்பிடுவார்கள். ஒரே ஒரு சோதனையை வைத்துப் பக்கத்தை முடிவு செய்வது சரியில்லை, இரண்டாவது செய்யும்படி கேளுங்கள்.

போவதற்கு முன் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். எந்த மொழியை எந்த வயதில் கற்றார், குழந்தையிடம் எதில் பேசுகிறார், வேலையிடத்தில் எதில் பேசுகிறார், மனக்கணக்கை எதில் போடுகிறார், எதைப் படிக்க வரும், எந்தக் கையால் எழுதுகிறார், பிறந்ததிலிருந்தே அந்தக் கைதானா அல்லது அடித்து மாற்றினார்களா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். கடைசிக் கேள்வி முக்கியம். சோற்றுக் கை என்று சின்ன வயதில் வலது கைக்கு மாற்றப்பட்டவர்கள் நம்மிடம் நிறைய, அவர்களும் ‘வலது கைக்காரர்’ என்றே படிவத்தில் எழுதுகிறார்கள்.

சோதனைக்குள் போகும்முன் வெளியில் ஒத்திகை பார்க்க வேண்டும், உள்ளே வருவதற்கு வேறு வார்த்தைகள் இருக்க வேண்டும். முந்தின 24 மணி நேரத்தில் ஃபிட்ஸ் வந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். ஃபிட்ஸுக்குப் பிந்தைய சோர்வில் ஒரு பக்கம் அடங்கிப்போய்ப் பேச்சு எதிர்ப்பக்கம் இருப்பதுபோல் காட்டலாம். மூக்குத்தி, மெட்டி, தாலிச் சங்கிலி, ஊக்கு, ஹேர்பின் எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். தாலியை மஞ்சள் கயிற்றில் மாற்றும்போது உலோகக் குண்டு ஏதும் கோக்காதீர்கள். கழற்ற வராத பழைய மூக்குத்திதான் அடிக்கடி தகராறு. முந்தின நாளே பொற்கொல்லரிடம் போய் எடுத்துவிடுவது நல்லது. சிலவகைக் கண்மையில் இரும்புத் துகள் இருக்கும், அன்றைக்கு மை வேண்டாம்.

அறிக்கையில் ‘லேட்டராலிட்டி இண்டெக்ஸ்’ என்று ஓர் எண் இருக்கும். இடது பக்கம் ஒளிர்ந்த அளவிலிருந்து வலதைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தது அது. பொதுவாக 0.2க்கு மேல் இடது, மைனஸ் 0.2க்குக் கீழே வலது, நடுவில் இருந்தால் இரு பக்கமும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஒளிர்ந்த இடமெல்லாம் பேச்சுக்கு இன்றியமையாத இடம் என்று நினைத்துவிடாதீர்கள், சில இடங்கள் கூட மாட உதவுகிறவை. ஒளிராத இடத்தை எடுத்தால் ஆபத்தில்லை என்று உறுதி சொல்லவும் இதற்குத் திறமில்லை. எந்தப் பக்கம் என்பதற்கு இது நல்ல சாட்சி, அதற்கு மேல் இதை நம்பி வெட்டுக்கோடு போடக்கூடாது.

“பாதி மூளையைத் தூங்க வைத்துப் பேசச் சொல்லும் டெஸ்ட் இருக்கிறதாமே? என் தம்பி இடது கைப்பழக்கம் உள்ளவன்.” – அண்ணன், ஜாலஹள்ளி

அது வாடா டெஸ்ட். ஜப்பானியரான ஜூன் வாடா 1949இல் வெளியிட்டது. தொடையிடுக்கு ரத்தக்குழாய் வழியாகக் கழுத்துத் தமனிக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி, ஒரு பக்க மூளைக்கு மட்டும் அமோபார்பிட்டால் மருந்தைக் கொடுப்பார்கள். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு எண்ணச் சொல்வார்கள். சில வினாடியில் எதிர்ப்பக்கக் கை தொப்பென்று விழும். பேச்சுப் பக்கமாக இருந்தால் எண்ணுவதும் நின்றுவிடும். மருந்து சில நிமிடம்தான் வேலை செய்யும். அதற்குள் சில பொருட்களைக் காட்டி, தெளிந்த பின் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்பார்கள். பிறகு மறுபக்கத்துக்கும் இதே சோதனை.

இடது கைக்காரர்களில் சுமார் 70 சதவீதம் பேருக்குப் பேச்சு இடது மூளையிலேயே இருக்கிறது. மீதிப் பேருக்கு வலதிலோ இரண்டிலுமோ இருக்கும். ஆகவே தம்பிக்குப் பக்கத்தைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும், ஆனால் முதலில் ஃபங்ஷனல் எம்.ஆர்.ஐ. போதும். டெம்போரல் மடல் வலிப்பில் பேச்சுப் பக்கம் அறிய வாடாவுக்குப் பதிலாக அதைப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்க நரம்பியல் அகாடமி 2017இல் வழிகாட்டியிருக்கிறது. ரத்தக்குழாய்க்குள் போவதால் வாடாவில் சிறிய அளவில் பக்கவாத அபாயம் உண்டு, மருந்தும் எளிதில் கிடைப்பதில்லை. படம் குழப்பமாக வந்தாலோ, ஞாபகசக்தி பற்றிப் பெரிய பயம் இருந்தாலோ வாடாவைக் கேட்பார்கள்.

“அப்பாவுக்கு மூளைக்குள் கம்பி வைத்து, கரண்ட் கொடுத்துப் பார்க்கப் போகிறார்களாம். வலிக்குமா? கரண்டே ஃபிட்ஸை வரவழைத்துவிடாதா?” – மகள், ஜீவன்பீமா நகர்

கம்பி என்பது 0.8 மி.மீ. தடிமனுள்ள மின்முனை. அதன் உடம்பில் 2 மி.மீ. நீளமுள்ள தொடுபுள்ளிகள் வரிசையாக இருக்கும். மயக்கத்தில் வைத்து, மண்டையோட்டில் அதற்கேற்ற சிறு துளைகள் போட்டு, பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு மின்முனைகளை இறக்குவார்கள். இதற்கு ஸ்டீரியோ இ.இ.ஜி. என்று பெயர். எந்த மின்முனை எங்கே போக வேண்டும் என்பதை ரத்தக்குழாய்ப் படத்தோடு கணினியில் முன்கூட்டியே திட்டமிடுவார்கள். ரத்தக்கசிவு சுமார் 100இல் ஒருவருக்கு நேரலாம், தொற்று அதைவிடக் கொஞ்சம் குறைவு. கையெழுத்துப் போடும் முன் உங்கள் மருத்துவமனையில் இது எப்படி என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

முதலில் சில நாள் ஃபிட்ஸைப் பதிவு செய்வார்கள். போதுமான அளவு பதிவானதும் மாத்திரையைத் திரும்பக் கொடுத்து, அதன் பிறகுதான் பேச்சுக்கான கரண்ட் சோதனை. மாத்திரை குறைந்திருக்கும்போது செய்தால் நீங்கள் பயப்படுவதுதான் நடக்கும்.

அடுத்தடுத்த இரண்டு தொடுபுள்ளிகளுக்கு இடையே 50 ஹெர்ட்ஸ் துடிப்பை 3 முதல் 5 வினாடி கொடுப்பார்கள். 1 மில்லிஆம்பியரில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். ஆழத்து மின்முனையில் பொதுவாக 3 முதல் 5 மில்லிஆம்பியரோடு நிறுத்துவார்கள். மூளை மேல் விரிக்கும் தகட்டு மின்முனை என்றால் 10க்கு மேலும் போவதுண்டு. மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. மேலே மூடியிருக்கும் உறைக்குத் தெரியும், அங்கே கூர்மையாகச் சுள்ளென்று இழுத்தால் அப்பா உடனே சொல்ல வேண்டும், அந்தப் புள்ளியை விட்டுவிடுவார்கள்.

கரண்ட் கொடுக்கும்போது அப்பா படம் பார்த்துப் பெயர் சொல்ல வேண்டும். படம் நாலு வினாடி இருக்கும். “இது... பூட்டு”, “இது... சீப்பு” என்று ஒவ்வொரு தடவையும் ‘இது’வோடு சொல்லச் சொல்வார்கள். ‘இது’ வந்து ‘பூட்டு’ வரவில்லை என்றால் பெயர் தேடும் இடம் தடைப்பட்டிருக்கிறது. ‘இது’வும் வராவிட்டால் பேச்சே நின்றிருக்கிறது. அப்போது நாக்கை இரண்டு பக்கமும் ஆட்டச் சொல்வார்கள். நாக்கும் நின்றால் அது அசைவுப் பகுதி, அதைப் பேச்சுப் பகுதியென்று எழுதக்கூடாது.

சோதனைக்கு முந்தின நாள் எல்லாப் படத்தையும் கரண்ட் இல்லாமல் ஒருமுறை காட்டுவார்கள். அப்பா தடுமாறும் படங்களை ஒதுக்கிவிட வேண்டும். வெளிநாட்டுத் தொகுப்பில் பனிக்கட்டி வீடும் ஹார்மோனிகாவும் இருக்கும். அவர் பெயர் சொல்லாதது மூளையாலா, பார்த்ததே இல்லை என்பதாலா என்று யாரும் சொல்ல முடியாது. அவற்றுக்குப் பதில் அம்மி, முறம், குக்கர், ஆட்டோ போதும். சாவியை ‘கீ’ என்றே எப்போதும் சொல்பவர் என்றால் ‘கீ’தான் சரியான விடை. அவரைத் திருத்தாதீர்கள், எழுதுபவரிடம் சொல்லிவையுங்கள்.

கரண்ட் நின்ற பிறகும் இ.இ.ஜி.யில் அலைகள் தொடர்ந்து துள்ளினால் அதை ‘ஆஃப்டர்டிஸ்சார்ஜ்’ என்பார்கள். அது அடங்கும்வரை அடுத்த படம் இல்லை. அந்த நேரத்தில் பேச்சு நின்றிருந்தால் அந்த முடிவைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள், ஏனென்றால் அலை பக்கத்து இடத்துக்கும் பரவியிருக்கும். அது ஃபிட்ஸாக மாறினால் கொடுக்க லோரஸெபாம் அல்லது மிடாஸோலாம் ஊசி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். ஒரே புள்ளியில் மூன்றில் இரண்டு தடவையாவது பேச்சு தடைப்பட்டால்தான் நம்புவார்கள்.

இரண்டு மொழி தெரிந்தவருக்கு ஒரு மொழியில் தடையாகும் இடம் இன்னொரு மொழியில் தடையாகாமல் இருக்கலாம். அமெரிக்க நரம்பு அறுவை மருத்துவர் ஜார்ஜ் ஓஜ்மன் 1978இலேயே இதைக் காட்டினார். அப்பா கடையில் கன்னடமும் வீட்டில் தமிழும் பேசுகிறார் என்றால் இரண்டிலும் சோதிக்கச் சொல்லுங்கள். நேரம் இரண்டு மடங்கு ஆகும், களைப்பும் ஆகும், இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளலாம். சோதனையறையில் தமிழ் தெரிந்தவர் இல்லாவிட்டால் உங்களைக் கூப்பிடலாம். அப்போது ‘ம்...’ என்று எடுத்துக்கொடுக்கவோ முதல் எழுத்தைச் சொல்லவோ கூடாது. பாசத்தில் கொடுக்கிற அந்த ஒரு எழுத்தால், பேச்சு இருக்கும் இடம் பேச்சு இல்லாத இடமாகப் பதிவாகிவிடும். கண்டுபிடித்த பேச்சு இடத்திலிருந்து 1 செ.மீ. தள்ளித்தான் வெட்டுவார்கள். தவறாகப் பதிவானால் அந்த இடைவெளியே இல்லாமல் போகும்.

“இரண்டாம் பி.யூ.சி. (பன்னிரண்டாம் வகுப்பு) படிக்கிறேன். ஆபரேஷனுக்குப் பிறகு ஞாபகசக்தி போய்விடுமா?” – மாணவி, பெங்களூரு

எந்தப் பக்கம், இப்போது உன் ஞாபகம் எப்படி, ஞாபகத்துக்கான மூளைப் பகுதியான ஹிப்போகேம்பஸ் ஏற்கெனவே சுருங்கியிருக்கிறதா என்ற மூன்றையும் வைத்துத்தான் பதில் சொல்ல முடியும் அம்மா. இடது பக்கம் வார்த்தை ஞாபகத்துக்கு அதிகம் பொறுப்பு. சுருங்கிப்போன இடத்தை எடுத்தால் இழப்பு குறைவு. நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும் இடத்தை எடுத்தால் இழப்பு அதிகம். அதனால் நன்றாக ஞாபகம் இருப்பவருக்குத்தான் இடது பக்க அறுவையில் ஜாக்கிரதை வேண்டும்.

இதை அளக்க 15 வார்த்தைகளை ஐந்து தடவை வாசித்து, அரைமணி கழித்து மறுபடி கேட்பார்கள். சிக்கலான படத்தைப் பார்த்து வரைந்து, பிறகு பார்க்காமல் வரைய வேண்டும். மொத்தம் மூன்று நாலு மணி நேரம் ஆகும். இப்படிப்பட்ட சோதனைகள் அடங்கிய, பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் நியூரோசைக்காலஜி தொகுப்பு 2004இல் வந்தபோது நம் நாட்டு மக்களின் வயது, படிப்பு, பாலினத்துக்கேற்ற அளவுகோல்களோடு வந்தது. வார்த்தைப் பட்டியலை நீ யோசிக்கிற மொழியில் கேள். கண்ணாடி போடுவாய் என்றால் எடுத்துப் போ. டோபிரமேட் என்ற வலிப்பு மாத்திரை சாப்பிட்டால் சொல், அதுவே வார்த்தையைத் தேட வைக்கும். கிடைத்த மார்க்கைப் பத்திரமாக வை, அறுவைக்குப் பின் இதே சோதனையைத் திரும்பச் செய்யும்போது ஒப்பிட அது ஒன்றுதான் இருக்கும்.

“இதெல்லாம் நம் நாட்டுக்குப் புதுசா?” – வாசகர், ஃப்ரேசர் டவுன்

இல்லை. கனடாவின் மாண்ட்ரியலில் விழித்திருக்கும் நோயாளியின் மூளையைக் கரண்டால் தொட்டுப் பார்த்து வரைபடம் போட்டவர் வைல்டர் பென்ஃபீல்டு. அவரிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி 1949இல் வேலூர் சி.எம்.சி.யில் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கி, 1952இல் அங்கேயே வலிப்புக்கு அறுவை செய்தார். டெல்லி எய்ம்ஸில் மருந்துக்குக் கட்டுப்படாத 116 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து நடத்திய ஆய்வு 2017இல் வெளியானது. ஓராண்டு முடிவில் அறுவை செய்தவர்களில் 77 சதவீதம் பேருக்கும், மருந்து மட்டும் சாப்பிட்டவர்களில் 7 சதவீதம் பேருக்கும் ஃபிட்ஸ் இல்லை.

“ஆபரேஷன் முடிந்த மறுநாள் பேச்சு தடுமாறினால் மேப்பிங் (பேச்சு இடத்தைக் கண்டுபிடித்துக் குறித்தது) தப்பாகிவிட்டது என்று அர்த்தமா?” – அல்சூரிலிருந்தே இன்னொரு வாசகி

உடனே அப்படி முடிவு கட்டாதீர்கள். வீக்கத்தால் சில நாள், சிலருக்குச் சில வாரம் பெயர்கள் வராமல் தடுமாறும், பிறகு திரும்பும். ஆனால் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று பேச்சிழந்தாலோ, தூக்கக் கலக்கம் கூடினாலோ அந்த நிமிடமே டியூட்டி டாக்டரைக் கூப்பிடுங்கள், ரத்தக்கசிவா என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். டெம்போரல் அறுவையில் எதிர்ப்பக்கத்து மேல் மூலைப் பார்வை கொஞ்சம் குறையலாம். பார்வை நரம்பிழை அங்கே வளைந்து போகிறது. நோயாளிக்கே தெரியாது, அலமாரிக் கதவில் தலை இடித்துக்கொள்வார். மூன்று மாதம் கழித்துப் பார்வைப் பரப்புச் சோதனை செய்யுங்கள், மருத்துவர் சரி என்று சொல்லும்வரை இரண்டு சக்கர வண்டி வேண்டாம். ஃபிட்ஸ் நின்றுவிட்டது என்று மாத்திரையை நீங்களாக ஒரு வேளைகூட விடாதீர்கள். எப்போது குறைப்பது என்று முதல் ரிவ்யூவிலேயே கேட்டு, தேதியோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.